ஒயருக்குத் தைத்த தோல் உறை

கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகலம், ஒரு சின்ன மெஷினிலிருந்து சுவர் பிளக்வரை போகும் நீளம், வெளிர் பழுப்பு நிறம். பூட்ஸின் உள்பக்கத்தில் கால் படும் இடத்தில் வைப்பார்களே, அந்த மெல்லிய ஆட்டுத் தோலில் தைத்த உறை அது. ஓரத்தை மடித்து, ஊசியால் கையாலேயே குத்திக் குத்தி, அளவு பிசகாமல் தையல் ஓடியிருக்கும். பாம்பு சட்டை உரித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்று என் மகள் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். அதற்கான தோலை நான் வெட்டினேன். எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த காலா தைத்தார். முடித்த அன்று எங்கள் இருவருக்கும் அவ்வளவு பெருமை. என் கையால் செய்தவற்றிலேயே மிக ஆபத்தான பொருள் அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். தோலை மேசையில் விரித்து, இரும்பு அச்சை அதன்மேல் வைத்து, மெஷினை அழுத்தித் துண்டு துண்டாக வெட்டி எடுப்பது என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வீட்டில் பூனை வளர்க்கும் பிள்ளைகளும், பூனை வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பல நாளாக மனதில் இருக்கிறது. காலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

காலா என்பது அவருடைய பெயர் இல்லை. அம்மாவின் தங்கையை, உருது பேசும் அவர்கள் வீட்டில் அப்படி அழைப்பார்கள். எங்கள் தெரு முழுக்க அவரை அப்படியே அழைத்தது, நானும் அழைத்தேன். ஐம்பது வயதிருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகத்தை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு ஊசிகளை எதிரெதிராக ஓட்டிக் கையால் தைத்துக் கொடுப்பார். என் மனைவியும் வேறொரு கம்பெனியில் வேலைக்குப் போனதால், பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்கள் மகளை நாங்கள் திரும்பும்வரை காலாதான் பார்த்துக்கொண்டார். மகளுக்கு அப்போது ஏழு வயது.

பூனைக்கு மட்டும் பெயர் உண்டு. பிஸ்தா. பச்சைக் கண் என்பதால் மகள் வைத்த பெயர். "இது என் பூனை இல்ல தம்பி. நான்தான் அதோட ஆளு" என்பார் காலா. அது உண்மைதான். எந்த வீட்டில் சாப்பிடுவது, எந்த வீட்டில் தூங்குவது என்பதெல்லாம் பிஸ்தா எடுக்கும் முடிவு. காலா தைத்து முடித்துக் கையைக் கழுவப் போவதற்குள் ஓடிவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிடும். நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால், கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் பாசம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

எங்கள் மகளுக்கு மூச்சிரைப்பு இருந்தது. மழைக்காலம் வந்தால் ராத்திரி பகல் என்றில்லாமல் நெஞ்சு விசிலடிக்கும். டாக்டர் ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். மருந்துத் தண்ணீரைப் புகையாக்கி, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வழியாகக் கொடுக்கிற மெஷின். ஆஸ்பத்திரியில் அதை நெபுலைசர் என்பார்கள். எங்கள் வீட்டில் மூச்சு மெஷின். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை. பத்துப் பதினைந்து நிமிடம் கடகடவென்று ஓடும். ஓடும்போது அந்தப் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். மகள் பாயில் உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிஸ்தா பெட்டியை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வாயருகே ஒயர் இருக்கும்.

எங்கள் போர்ஷனில் இன்னொரு கோளாறு. எங்களுக்கு முன்னால் அங்கே தையல் மெஷின்கள் போட்டு ஷூ தைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷினின் மோட்டார் கால் பக்கம் இருக்கும் என்பதால், பிளக் பாயிண்டுகள் எல்லாவற்றையும் முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். மெஷின்கள் போய்விட்டன. பாயிண்டுகள் அங்கேயே இருந்தன. மனிதர்களுக்குக் குனிய வேண்டிய உயரம், பூனைக்குக் கச்சிதமான உயரம். மேலே மாற்றிக் கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை கேட்டேன். "பழைய செவுரு. ஓட்ட போட்டா உதுந்துடும். பூனைக்காக ஊட்ட இடிக்கச் சொல்றியா?" என்றார். அதற்குமேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.

முதலில் கொசு மருந்து பாட்டில். பிளக்கில் செருகியிருந்ததைப் பிஸ்தா ஒரே தட்டில் கழற்றி உருட்டியது. மருந்து தரையில் ஓடியது, அதை நக்குவதற்குள் என் மனைவி பிடித்துத் தூக்கினாள். அன்றே அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுக் கொசுவலை கட்டினோம். அடுத்தது என் செல்போன் சார்ஜர். அதைப் பீரோவுக்கு மேலே மாற்றினேன். மூச்சு மெஷினை மட்டும் எங்கேயும் மாற்ற முடியவில்லை. ஒயர் குட்டை. ஸ்டூல்மேல் வைத்தால் ஒயர் நடுவில் ஊஞ்சல்போல் தொங்கும், அது பிஸ்தாவுக்கு இன்னும் குஷி. ஒருநாள் காலையில் மெஷினைத் துடைக்கும்போது ஒயரில் புள்ளி புள்ளியாக நாலு பல் தடம் பார்த்தேன். மேல்தோல் மட்டும்தான் குழிந்திருந்தது, உள்ளே கம்பி தெரியவில்லை. ஆனாலும் அந்தத் தடங்களை விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. மெஷின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பிளக்கைப் பிடுங்கினேனா, பிடுங்கினேனா என்றுதான் கேட்டது. கட்டிங்கில் கவனம் பிசகினால் விரல் போய்விடும். டீ நேரத்தில் லாக்கருக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்துக் காலாவைக் கூப்பிடுவேன். "பிளக் புடுங்கிட்டேன். இப்பதான் கேட்ட, மறுபடி கேக்கற. நீ ஜாஸ்தி பயப்படற தம்பி" என்பார். ஒயரில் கருப்பு டேப் சுற்றினேன். பிஸ்தா நகத்தால் உரித்து, அதையும் வைத்து விளையாடியது. மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவலாம் என்று யாரோ சொன்னார்கள். தடவிய அன்றைக்கே மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, துடைத்துவிட்டேன். "கம்பெனில நாளெல்லாம் தோல வெட்றவரு, ஊட்ல ஒரு பூனைய அடக்க முடியல" என்று என் மனைவி கிண்டல் செய்தாள். அவள் பயத்தை அவள் அப்படித்தான் பேசுவாள்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "இன்னொரு தபா கடிச்சுது, சாக்குல கட்டி பாலாத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன். சொல்லிட்டேன்." மகளைப் பார்த்துச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் காலாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நான் அப்படிச் செய்திருப்பேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் என் மகள் என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டாள். பயந்துபோன அப்பாவின் முகமும் கோபக்கார அப்பாவின் முகமும் ஒரு குழந்தைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்போல.

தோல் யோசனை அதற்கு அடுத்த நாள் வந்தது. கட்டிங் மேசையில், அச்சுக்குள் அடங்காமல் மிஞ்சிய ஆட்டுத் தோல் பட்டையைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன். மெல்லியது, ஆனால் கிழியவில்லை. பூனைப் பல் இதில் என்ன செய்துவிடும் என்று தோன்றியது. தோல் வேலை செய்கிறவனுக்கு எதற்கும் தோல்தான் ஞாபகம் வரும். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, கழிவு மூட்டையிலிருந்து நீளமான நாலு பட்டைகளைக் கொண்டுவந்தேன். காலாவுக்கு அந்த யோசனை என்னைவிட அதிகமாகப் பிடித்தது. பூனைக்கும் ஆபத்து இல்லை, பூனையைத் துரத்தவும் வேண்டாம். பிளக் முனை பெரிதாக இருந்ததால் உறையைத் தனியாகத் தைத்து மாட்ட முடியாது. அதனால் ஒயரை மடியில் போட்டு, தோலை அதன்மேல் சுற்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையாலேயே தைத்து மூடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வேலைதான். "ராசாவுக்கு செருப்பு தைச்சா கூட இவ்ளோ பாத்து தைக்கமாட்டேன்" என்றார். மகள் கைதட்டினாள்.

நான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த நாள் டீ நேரத்தில் போன் செய்யவில்லை. அதற்கு அடுத்த நாளும் செய்யவில்லை. உறை போடும்வரை தினமும் காலையில் ஒயரை விரலால் தடவிப் பார்ப்பேன். உறை போட்டபின் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்க்க ஒன்றும் இல்லை, அதுதான் மூடிவிட்டோமே என்று நினைத்தேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஒயர் பத்திரமாகவில்லை. என் பயம்தான் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டது.

மூன்று வாரம் போயிருக்கும். ஐப்பசி மழை. சாயங்காலம் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டில் இருந்த செக்யூரிட்டி உள்ளே வந்து என் தோளைத் தட்டினார். மெஷின் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. காதருகே குனிந்து, "ஊட்லேந்து போன் வந்துச்சு. கரண்டு ஷாக்காம். சீக்கிரம் வரச் சொன்னாங்க" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "அது சொல்லல. ஒரு பொம்பள அழுதுனு பேசினாங்க, கட் ஆயிடுச்சு" என்றார். லாக்கர் சாவியை அவரிடமே கொடுத்தேன். அவரே திறந்து போனை எடுத்துக் கொடுத்தார். காலாவின் எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வண்டியில் கால்மணி நேரம். அன்றைக்கு அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. பைபாஸில் லாரிகள் அடித்த சேற்றுத் தண்ணீர் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. மகள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது என்ன பேசினாள் என்று நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. ரிப்பன் என்ன நிறம் என்றுகூட வரவில்லை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா தலைவா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெரு முனையிலிருந்தே பார்த்தேன். எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது. எங்கள் இரண்டு போர்ஷனும் மட்டும் இருட்டாக இருந்தன. வாசலில் வண்டியைப் போட்டேன், அது சாய்ந்து விழுந்தது. உள்ளே காலா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் மகள். "அப்பா" என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், உள்ளங்காலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காலா என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் ஒரு ஷூ அட்டைப்பெட்டிக்குள் பிஸ்தா படுத்திருந்தது. வாயோரம் கருகி, நாக்கு வெளியே வந்து, வயிறு மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது.

நடந்ததை அவர்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு வழக்கம்போல் மகள் பாயில் உட்கார்ந்து மாஸ்க் வைத்திருக்கிறாள். காலா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிஸ்தா பெட்டியருகே படுத்து உறையை மென்றுகொண்டிருந்திருக்கிறது. திடீரென்று ஒரு சத்தம், பூனைச் சத்தம்போலவே இல்லையாம். உடம்பு கட்டைபோல் விறைத்துவிட்டது. கடித்த வாயை எடுக்க முடியவில்லை. மூச்சு மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் மாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டுப் பூனையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டியிருக்கிறாள். மழையில் தரை ஈரம், அவள் காலும் ஈரம். பிளக் பாயிண்டோ பூனைக்கு அந்தப் பக்கம். காலா எழுந்து போய்ப் பிடிக்க நேரமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்னால் விழுந்து, மகள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் பாயின் நுனியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துவிட்டார். பாயோடு சேர்ந்து மகள் வாசல் பக்கம் சறுக்கி வந்து விழுந்திருக்கிறாள். பிறகு நடையில் இருந்த மெயின் சுவிட்சுகள் இரண்டையும், எது யாருடையது என்று பார்க்காமல், இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் பூனையின் வாய் விட்டது. கம்பெனிக்குப் போன் செய்ததும் காலாதான்.

பூனையைத் தொட்டிருந்தால் பூனை உடம்பு வழியாக அவளுக்கும் கரண்ட் பாய்ந்திருக்கும். ஒரு சாண் தூரம்தான் இருந்தது என்றார் காலா. அந்த ஒரு சாணைக் கையால் காட்டிவிட்டு, காட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மகளுக்கு மருந்து பாதியில் நின்றுபோனதால், என் மனைவி வேலையிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாஸ்க் வைத்து வந்தோம். மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. குடியாத்தத்துக்காரர் ஒருவர், எங்கள் பக்கம் வயரிங் வேலை செய்கிறவர், காலையில் வந்தார். பிளக்கைப் பிடுங்கி, மெஷினை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். உறையைக் கையில் எடுத்தவர் மூக்கருகே கொண்டுபோனார். "இன்னாண்ணா இது, ஒயருக்கு கருவாட்ட சுத்தி வெச்சிருக்கீங்க?" என்றார். நான் வாங்கி முகர்ந்தேன். எனக்குத் தோல் வாசனைதான் வந்தது. காலாவும் முகர்ந்தார். "தோலு வாசன தானே" என்றார். "உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு செத்துடுச்சு" என்றார் அவர்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தோல் பதனிடும் ஷாப்பில், தோல் விறைத்துப் போகாமல் மெத்தென்று இருக்க, டிரம்மில் போட்டுச் சுற்றும்போது எண்ணெய் ஊற்றுவார்கள். அதில் மீன் எண்ணெயும் சேரும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை, கேள்விப்பட்டதுதான். ஆனால் இத்தனை வருடம் அதிலேயே புரண்டு எங்கள் மூக்குக்கு அது தெரியாமல் போய்விட்டது. காலாவின் விரல்களைப் பிஸ்தா நக்கியதும், என் சட்டையை அண்ணாந்து பார்த்ததும் வேறு எதற்கும் இல்லை. பூனை கடிக்கக் கூடாத இடத்தில், பூனைக்குப் பிடித்த வாசனையை நானே சுற்றி, தையல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேறு ஊர்க்காரன் யாராவது இந்தத் தப்பைச் செய்திருக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது.

உறையை வெட்டிப் பிரிப்பதற்குத் திருப்பினேன். சுவர்ப் பக்கமாக இருந்த இடத்தில் விரலில் ஏதோ தட்டியது. ஒரு ஒட்டு. நெல்லிக்காய் அளவுத் தோல் துண்டு, உறையின் மேலேயே வைத்துத் தைத்திருந்தது; பூனைப் பல் இறங்கிய இடம் கருகியிருந்தது. நிறம் ஒத்துப்போகும்படி பார்த்து எடுத்த துண்டு. ஆனால் அது நான் கொண்டுவந்த பட்டையில் வெட்டியது இல்லை. என் கைக்குத் தெரியும், தோல் கொஞ்சம் தடிமன். தையலும் தெரிந்தது. இடமிருந்து வலமாக லேசாகச் சாய்ந்து விழும் தையல். எங்கள் தெருவில் ஒருவர்தான் அப்படித் தைப்பார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். காலா ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கை தான் தம்பி. கட்டிங்காரன் கண்ணுக்கு தப்பாதுன்னு தெரியும். நீ பாக்கறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு ராத்திரியெல்லாம் நெனச்சேன், வாய் வரல." பத்து நாளைக்கு முன்னால் உறை ஓரிடத்தில் கிழிந்ததை என் மகள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். என்னிடம் வரவில்லை. காலாவிடம் போயிருக்கிறாள். அப்பா பார்த்தால் பிஸ்தாவைச் சாக்கில் கட்டிவிடுவார் என்று அழுதிருக்கிறாள். "எனக்கும் அதே பயம் தான். மேல தோலு தான் கிழிஞ்சிருக்குதுன்னு ஒட்டு போட்டேன். உள்ள ஒயர பிரிச்சு பாக்கல. பாத்தா உன்கிட்ட சொல்லணும் இல்ல. அதனால பாக்கல."

வயரிங்காரர் கத்தியால் ஒட்டைப் பிரித்தார். அதற்கடியில் ஒயரின் ரப்பர் பிய்ந்து செம்புக் கம்பி பளபளவென்று இருந்தது. நேற்றுப் பிய்ந்தது மட்டும் இல்லை. ஓரங்கள் பழசாகி அழுக்கேறியிருந்தன. ஒட்டுப் போட்ட நாளுக்கும் நேற்றைக்கும் நடுவில், தினம் இரண்டு வேளை, என் மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டிருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. கத்த வேண்டும்போல் இருந்தது. காலாவைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் என் மகள் நின்றிருந்தாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கைப் பற்றி நான் பேசிய அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஒரு குழந்தையும் ஐம்பது வயதுப் பெண்ணும் சேர்ந்து ஒரு கிழிசலை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் கரண்டுக்குப் பயப்படவில்லை, எனக்குத்தான் பயந்திருக்கிறார்கள். உறையைத் தைத்தது காலா. ஆனால் அந்த ஒட்டைத் தைக்க வைத்தது நான் சொன்ன வார்த்தை.

"நானே கொண்டும்போய் வுட்டுடறேன் தம்பி" என்றார் காலா. "மேல்விஷாரத்துல என் பொண்ணு ஊட்ல வுட்டுடறேன். நீ பேஜார் ஆவாத." மகள் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் வேண்டாம் என்றேன். பூனைமேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அப்போது எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் உண்மை வெளியே வந்த அன்றைக்கே பூனையும் வெளியே போனால், உண்மை வந்ததால்தான் பூனை போனது என்று என் மகள் படித்துக்கொள்வாள். அப்புறம் அவள் எதைத்தான் என்னிடம் சொல்வாள்? "பூனை இங்கயே இருக்கட்டும். ஒயருதான் போவணும்" என்றேன்.

கருகிய ஒயரையும் ஒட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். இந்த முறை எனக்குப் பேச வந்தது. மூன்றாம் நாள் பிளக் பாயிண்ட் என் தோள் உயரத்துக்கு ஏறியது. சுவர் உதிரவில்லை. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் வயரிங்காரர் மெயினில் மாட்டினார். மூச்சு மெஷினுக்குப் பாயிண்டை ஒட்டியே மரப்பலகை அடித்து, புது ஒயரைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு ஆணியடித்தோம். மாஸ்க்குக்குப் போகும் காற்றுக் குழாய் மட்டும்தான் கீழே இறங்கும். அதில் கரண்ட் கிடையாது. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். குழாயோ பலகையோ, எதைப் போட்டாலும் வாரம் ஒருமுறை நான் ஒயரைத் தடவிப் பார்க்கிறேன். பிஸ்தா பத்து நாள் பாலும் தண்ணீருமாகக் கிடந்து எழுந்தது. ஒரு பக்கம் மீசை மட்டும் திரும்ப முளைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த தை மாதம் ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகள் வந்து கொஞ்ச தூரத்தில் நின்றாள். "அப்பா, ஒண்ணு சொன்னா கத்தமாட்டீங்களே?" என்றாள். என் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. அம்மாவின் சார்ஜரை யாரோ கட்டில் பக்கம் விட்டுவிட்டார்களாம், பிஸ்தா கடித்துவிட்டதாம். "நான் தொடல. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்து சொல்றேன்" என்றாள். குரல் உயராமல் பார்த்துக்கொண்டு, "நல்ல வேல பண்ண" என்றேன். அவள் இன்னும் அங்கேயே நின்றாள். வேறு ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். ஒன்றும் வராததைப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்தாவிடம் ஓடிப்போய் ஏதோ ரகசியம் சொன்னாள்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. மூச்சு மெஷினைத் தொட்டே ரொம்ப நாளாகிறது. காலா இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் வீட்டோடு இருக்க மேல்விஷாரம் போய்விட்டார், பிஸ்தாவும் அவரோடு போனது. மாதத்துக்கு ஒரு தடவை அவரிடமிருந்து போன் வரும். போன வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "தம்பி, மிக்சி ஒயரு அடிப்பக்கம் வெடிச்சிருக்குது. பூனை இல்ல, ஒயரே பழசு. பாத்துட்டேன், அதான் சொல்றேன்" என்றார். மேல்விஷாரத்து மிக்சிக்கு ஆம்பூரிலிருந்து நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் கேட்டுக்கொண்டேன். மருமகன் வரும்வரை யாரும் தொட வேண்டாம் என்றேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"பிளக்கா? மெயினையே எறக்கிட்டேன். பேரப்பசங்க கத்துனு கீதுங்க. இருட்டுல உக்காந்துனுதான் உன்கிட்ட பேசறேன்" என்றார் காலா.